ஏழு யூரோ ஒயினும் அஞ்சறைப் பெட்டியும்

"வேலைக்காக லியோனுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகத்தில் ஆறு, ஏழு யூரோ ஒயின் இரண்டு மூன்று பாட்டில் திறப்பார்கள். ஒருவர் ராஸ்ப்பெர்ரி என்பார், ஒருவர் ஈரக்கல் என்பார், இன்னொருவர் பதனிட்ட தோல் வாசம் என்பார். எனக்கு எல்லாமே புளிப்பும் துவர்ப்புமாகத்தான் தெரிகிறது. நானும் ருசி பார்க்கக் கற்றுக்கொள்ள முடியுமா? அதிகம் செலவழிக்காமல் எந்த பாட்டில்களில் ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். புளிப்பு, துவர்ப்பு என்று பிரித்து எழுதியிருக்கிறீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. என்னோடு ஒயின் குடிக்கும் நண்பர்களில் இரண்டு பேர் இன்றைக்கும் துவர்ப்பையும் கசப்பையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. சின்ன வயதில் துவர்ப்பைத் தனிச் சுவையாகச் சொல்லிக்கொடுத்த வீடு அவர்களுக்கு வாய்க்கவில்லை. நாம் வாழைப்பூவும் பாக்கும் நாவல்பழமும் தின்று வளர்ந்தவர்கள். வாழைக்காயைப் பச்சையாகக் கடித்துப் பார்த்த குழந்தைகூட "துவர்க்குது" என்று சரியாகச் சொல்லிவிடும். சிவப்பு ஒயினில் பாதிப் பேச்சு அந்த ஒரு சுவையைப் பற்றித்தான்.

நான் இந்த ஊருக்கு வந்து பதினான்கு வருடம். ஆறு பேர் சேர்ந்த ஒரு சின்னக் கூட்டம் எங்களுடையது. மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஆளுக்கு ஒரு பாட்டில், விலை 8 யூரோவைத் தாண்டக் கூடாது, பாட்டிலுக்குக் கால் உறை மாட்டி மறைத்துத்தான் மேசைக்கு வர வேண்டும். அவ்வளவுதான் சட்டம். சுவைத்து, எழுதி, பேசி முடித்த பிறகே உறையைக் கழற்றுவோம். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மேசையில் கற்றதுதான். இனி எழுதுவதும் அதிலிருந்தே.

வாயிலிருந்து ஆரம்பிக்கலாம், மூக்கு அப்புறம். புளிப்பு என்றால் எச்சில் ஊறும். ஒயினை விழுங்கிவிட்டுத் தலையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். வாயோரத்தில் எச்சில் எவ்வளவு வேகமாகச் சுரக்கிறதோ அவ்வளவு புளிப்பு. துவர்ப்பு இதற்கு நேர் எதிர். வாய் வறண்டு, நாக்கும் ஈறும் உரசுவது போல் ஆகும். திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கும் டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வழுவழுப்புப் போய்விடுகிறது. சிவப்பு ஒயின் தோலோடு சேர்ந்தே நொதிக்கிறது, அதனால் துவர்ப்பு இறங்குகிறது. வெள்ளை ஒயினுக்குச் சாற்றை முதலிலேயே பிழிந்து தோலை ஒதுக்கிவிடுவார்கள், அதனால் துவர்ப்பு பெயருக்குத்தான் இருக்கும். இந்த இரண்டும் குழம்பினால் ஒயினே வேண்டாம், வீட்டில் ஒரு கிளாஸ் எலுமிச்சைத் தண்ணீரும், ஐந்து நிமிடம் ஊறவிட்ட பால் சேர்க்காத டீயும் எடுத்துக்கொண்டு மாறி மாறிக் குடித்துப் பாருங்கள். இரண்டு முறை செய்தால் மூன்றாவது முறை தேவைப்படாது.

இன்னும் இரண்டு விஷயம் வாயில் கவனிக்க வேண்டும். ஒன்று சூடு. ஆல்கஹால் கூடினால் தொண்டையில் இளஞ்சூடு இறங்கும். 12 சதவீத ஒயினையும் 14.5 சதவீத ஒயினையும் அடுத்தடுத்துக் குடித்தால் பளிச்சென்று தெரியும். இன்னொன்று, விழுங்கிய பிறகு மணம் எத்தனை நேரம் நிற்கிறது என்பது. இதற்கு பிரெஞ்சில் 'கொதாலி' என்று ஒரு அளவே வைத்திருக்கிறார்கள். ஒரு கொதாலி என்றால் ஒரு நொடி. மனசுக்குள் எண்ணிக்கொண்டே போங்கள். தினசரி ஒயினில் நாலு, ஐந்து வந்தால் எனக்குத் திருப்தி. எட்டு வந்தால் அந்த பாட்டிலின் பெயரை எழுதிவைத்துக்கொள்வேன்.

சரி, மூக்கு. உங்கள் உண்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். இந்த ராஸ்ப்பெர்ரியும் ஈரக்கல்லும் எங்கிருந்து வருகின்றன?

எனக்கு இது பிடிபட்ட ராத்திரி நன்றாக நினைவிருக்கிறது. கூட்டம் என் வீட்டில். நாலாவது பாட்டில் சிவப்பு. பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் கிளாஸைச் சுற்றி முகர்ந்ததுமே "மிளகு" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐம்பது வருடமாக மிளகோடு பழகிய மூக்குக்குத் தெரியாதது இவருக்கு எப்படித் தெரிகிறது என்று எழுந்து போய் அஞ்சறைப் பெட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். மூடியைத் திறந்தால் சீரகமும் வெந்தயமும்தான் முந்திக்கொண்டு வந்தன, முழு மிளகு அவ்வளவாக மணக்கவில்லை. நாலு மிளகை இடிகல்லில் போட்டு ஒரு தட்டுத் தட்டி, தூளாக்காமல் உடைத்து, உள்ளங்கையில் வைத்து முகர்ந்தேன். உடனே கிளாஸை முகர்ந்தேன். இருந்தது. காரம் இல்லாமல், அப்போதுதான் உடைத்த மிளகின் அந்த முதல் மணம் மட்டும், கறுத்த பழ வாசத்துக்குப் பின்னால் தெளிவாக நின்றது. அதற்குப் பிறகு அந்த வாசம் எனக்குத் தப்பியதே இல்லை. உறையைக் கழற்றினால் சிரா திராட்சை அதிகம் கலந்த ஒரு கோட் து ரோன், அதாவது ரோன் ஆற்றுப் பக்கத்து ஒயின், 6 யூரோ 40 சென்ட்.

இது கற்பனையோ கவித்துவமோ இல்லை. மிளகு மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருள் சிரா திராட்சையின் தோலிலும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் இதைக் கண்டுபிடித்து 2008ல் வெளியிட்டார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது: ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த ரோட்டண்டோன் மணமே தெரியவில்லை, ஆய்வில் கொடுத்த உச்ச அளவிலும் தெரியவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு பெண்மணிக்கு இன்றுவரை எந்தச் சிராவிலும் மிளகு கிடைத்ததில்லை. மிளகில் வேறு மணப்பொருட்களும் உண்டு என்பதால் சமையலில் மிளகு அவருக்கு நன்றாகவே தெரிகிறது, ஒயினில் மட்டும் இல்லை. ஆகவே பக்கத்தில் இருப்பவர் சொல்வது உங்களுக்குத் தெரியவில்லை என்றால் உங்கள் மூக்கு மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அவரவர் மூக்கு அவரவருக்கு.

அன்றிலிருந்து அஞ்சறைப் பெட்டி எங்கள் கூட்டத்துக்கு நிரந்தர உறுப்பினர். ஒயின் வாசங்களைப் பழக 54 சின்னக் குப்பிகள் அடங்கிய பெட்டியே கடையில் விற்கிறார்கள், சில நூறு யூரோ ஆகும். நமக்கு அது தேவையில்லை. கிராம்பை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் மணப்பொருளான யூஜினால் ஓக் பீப்பாயிலிருந்தும் ஒயினுக்குள் இறங்குகிறது. கொத்தமல்லி விதையை லேசாக நசுக்கி முகர்ந்துவிட்டு, இனிப்பில்லாத மஸ்கட் வெள்ளை ஒயினை முகருங்கள், இரண்டிலும் லினலூல் என்ற ஒரே மணப்பொருள். தேங்காய் வாசம் வேண்டுமா, ஸ்பெயினின் ரியோஹா பகுதியிலிருந்து வரும் கிரியான்ஸா வகை ஒயின் ஒரு பாட்டில் வாங்குங்கள், இங்கேயே 7, 8 யூரோவுக்குக் கிடைக்கும். அங்கே பழைய வழக்கப்படி அமெரிக்க ஓக் பீப்பாயில் வைப்பார்கள். அந்த மரத்தில் இருக்கும் ஒரு பொருள் அப்படியே கொப்பரை மணம் மணக்கும். ஒயினைப் பற்றி ஒன்றுமே தெரியாத என் அம்மா, இங்கே வந்திருந்தபோது கிளாஸை முகர்ந்துவிட்டு, "தேங்காய் எண்ணெய் வாசம் வருதே" என்றார். புத்தகம் படித்தவர்கள் சொல்வதும் அதுதான்.

நம் பெட்டியில் இல்லாதவையும் உண்டு. ராஸ்ப்பெர்ரி, பிளாக்கரன்ட், செர்ரி எல்லாம் இவர்கள் பாட்டி வீட்டுத் தோட்டத்தில் பறித்துத் தின்றவை. அந்த நினைவு நமக்கு இல்லை, ஆனால் உண்டாக்கிக்கொள்ளலாம். ஜூன், ஜூலையில் சோன் ஆற்றங்கரைச் சந்தைக்குப் போய் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பெட்டி வாங்கி, தின்பதற்கு முன் நசுக்கி முகருங்கள். நான் கற்றது அப்படித்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: சொவின்யோன் பிளான் என்ற வெள்ளை ஒயினைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் கூஸ்பெர்ரி என்பார்கள். அதை நம் நெல்லிக்காய் என்று நினைத்துத் தேடாதீர்கள். அது முள்செடியில் காய்க்கும் வேறொரு ஐரோப்பியப் பழம், நெல்லிக்காயின் துவர்ப்பு அதில் கிடையாது. நான் ஒரு வருடம் நெல்லிக்காயைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த ஒயினில் நமக்குச் சட்டென்று பிடிபடுவது கொய்யா. பழுத்த கொய்யாவிலும் சொவின்யோனிலும் கந்தகம் சேர்ந்த ஒரே மணப்பொருள் இருக்கிறது. கொய்யா என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

இனி பாட்டில்கள். லியோனில் இருக்கிறீர்கள், அதனால் முதல் பாட்டில் பொஜொலே. ஊருக்கு வடக்கே ரயிலில் அரை மணி நேரத்தில் இந்தச் சிவப்பு ஒயின் விளையும் பொஜொலே குன்றுகள் ஆரம்பித்துவிடும். லியோனில் மூன்று ஆறுகள் ஓடுகின்றன, ரோன், சோன், பொஜொலே என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 'பூஷோன்' என்கிற பழைய சாப்பாட்டுக் கடைகளில் இதை 'போ' என்ற பாட்டிலில் வைப்பார்கள்: 46 சென்டிலிட்டர், அடிக் கண்ணாடி ஒரு விரல் தடிமனுக்குக் கனமாக இருக்கும்.

இதன் திராட்சை காமே. 1395ல் பர்கண்டியை ஆண்ட பிலிப் கோமகன், இது விசுவாசமில்லாத கெட்ட செடி என்று ஆணை போட்டுத் தன் நிலத்திலிருந்து பிடுங்கச் சொன்னார். அங்கே விரட்டப்பட்ட செடி தெற்கே இந்தக் கருங்கல் மண்ணில் வேர் பிடித்து, இன்றைக்குச் சாதாரண ஆள் வாங்கிக் குடிக்கக்கூடிய நல்ல ஒயினாகக் கிடைக்கிறது. எனக்கு இந்தத் திராட்சை மேல் தனிப் பிரியம் உண்டு, மறைக்கவில்லை.

இதைச் செய்யும் முறையும் கொஞ்சம் வேறு. பழத்தை உதிர்த்து நசுக்காமல் குலை குலையாகவே தொட்டிக்குள் போடுவார்கள். அடியில் உள்ளவை பாரத்தில் நசுங்கி நொதிக்க, கிளம்பும் கரியமில வாயு தொட்டியை நிரப்பிவிடும். மேலே உள்ள பழங்கள் காற்றில்லாமல், தோல் கிழியாமல், உள்ளுக்குள்ளேயே நொதிக்க ஆரம்பிக்கும். அதனால் நிறமும் பழ வாசமும் வந்துவிடும், துவர்ப்பு குறைவாகவே இறங்கும். நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வெளியாகும் புது ஒயினில் வாழைப்பழ வாசம் அடிப்பதும் இந்தப் பக்குவத்தால்தான். நன்றாகக் கனிந்த பழத்தைத் தோலுரிக்கும்போது வருமே, அந்த வாசம். அந்தப் புது ஒயினை ஒரு முறை அனுபவத்துக்குக் குடியுங்கள், பழகுவதற்கு அது வேண்டாம். பாட்டிலில் 'பொஜொலே வில்லாஜ்' என்று எழுதியதை வாங்குங்கள், 6லிருந்து 8 யூரோ. செர்ரி, ராஸ்ப்பெர்ரி, சில சமயம் லேசாக மண் நனைந்த வாசம், நாக்கில் புளிப்பு முன்னால், துவர்ப்பு பின்னால் ஒரு கோடு போல. எங்கள் கூட்டத்தில் உறை கழற்றுவதற்கு முன்னாலேயே காலியாகிவிடும் பாட்டில் அனேகமாக இதுவாகத்தான் இருக்கும். ஒரு விஷயம் மட்டும்: ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு, 13 டிகிரி வாக்கில் குடியுங்கள். காசு கொஞ்சம் சேர்ந்தால் மோர்கோன், ஃப்ளூரி என்று ஊர்ப்பெயர் போட்ட பத்து வகைகள் இருக்கின்றன. அவை பத்து யூரோவுக்கு மேல், பிறந்தநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, மஸ்கடே என்ற வெள்ளை; மேலே சொன்ன மஸ்கட் வேறு, இது வேறு. லுவார் ஆறு கடலில் சேரும் இடத்தில், நான்த் நகரத்தைச் சுற்றி விளைவது. 1709ன் கொடுங்குளிரில் அங்கிருந்த கொடிகள் செத்துப்போனபின், குளிரைத் தாங்குகிற மெலோன் திராட்சையை எங்கும் நட்டார்கள். வாங்கும்போது லேபிளில் 'சுர் லீ' என்று இருக்கிறதா பாருங்கள். நொதித்து முடிந்து அடியில் படியும் ஈஸ்ட் வண்டலோடு குளிர்காலம் முழுக்க வைத்திருந்து பாட்டிலில் அடைத்தது என்று பொருள். இந்த வண்டல் வாசத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் ரொட்டி மாவு, பிஸ்கட் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு முதல் வாய் குடித்ததும் தோன்றியது நீராகாரம். ராத்திரி தண்ணீர் ஊற்றிய சோற்றை விடிகாலையில் கரைத்து, ரெண்டு கல் உப்புப் போட்டுக் குடித்தால் வரும் அந்த மெல்லிய புளிப்பும், உப்புக் கரிப்பும், கொஞ்சம் நொதித்த வாசமும். கூடவே எலுமிச்சைத் தோல். நாக்கு நுனியில் சில சமயம் சுள்ளென்று ஒரு சின்னக் குத்தல் இருக்கும், பாட்டிலில் தங்கிவிட்ட கரியமில வாயு அது. சிப்பி மீனோடு இதைக் குடிப்பது ஊர் வழக்கம். நான் எலுமிச்சை சாதத்தோடும் வறுத்த மீனோடும் குடிக்கிறேன், அருமையாக ஒத்துப்போகிறது. நீங்கள் சொன்ன ஈரக்கல் வாசமும் இந்த மாதிரி ஒயின்களில்தான் வரும். கோடை வெயிலில் காய்ந்த கருங்கல் தளத்தில் தண்ணீர் ஊற்றினால் கிளம்புமே, அது. கல் ஒயினுக்குள் கரைந்து வருகிறது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். பழ வாசம் அடங்கி, புளிப்பு தூக்கலாக இருக்கும்போது நமக்கு அப்படித் தோன்றுகிறது என்பதுதான் என் அனுபவம்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் மலிவு: கோட் த கஸ்கோன் வெள்ளை. 5 யூரோவுக்குள் கிடைக்கும். தென்மேற்கில் ஆர்மன்யாக் பிராந்தி காய்ச்சுவதற்காக வளர்த்த கொலொம்பார், உய்னி பிளான் திராட்சைகள் இவை. பிராந்தி விற்பனை சரிந்ததும் 1980களில் அதே திராட்சையைக் குளிர்ச்சியாக நொதிக்கவிட்டு வெள்ளை ஒயினாக்கினார்கள். பம்ளிமாஸ் பழத்தை உரித்தால் விரலில் ஒட்டும் வாசம், கொய்யா, பேஷன் ஃப்ரூட் எல்லாம் முகத்தில் அடிக்கும். நுணுக்கம் எதிர்பார்க்காதீர்கள். மூக்கைத் திறந்து வைக்க இதைவிட நல்ல பாட்டில் எனக்குத் தெரியாது.

நாலாவது, மேலே சொன்ன கோட் து ரோன். இந்த ஊரிலிருந்து ஆற்றோடு தெற்கே இறங்கினால் வரும் நிலம். கிரெனாஷ் திராட்சை கூடுதலாக இருந்தால் வதக்கிய ஸ்ட்ராபெரி வாசமும் தொண்டைச் சூடும். சிரா கூடுதலாக இருந்தால் மிளகும் நாவல்பழமும். நாவல்பழம் என்று நான் எழுதும்போது இங்கே யாருக்கும் புரியாது, ஆனால் கறுப்பு நிறம், இனிப்பு, வாய் பிடிக்கும் துவர்ப்பு மூன்றையும் ஒரே சொல்லில் எனக்கு நினைவுபடுத்த அதற்கு ஈடு இல்லை. என் குறிப்பு நோட்டு எனக்காகத்தானே. பாட்டிலின் பின்பக்கம் பார்த்தால் பல சமயம் திராட்சை விகிதம் போட்டிருக்கும். 2022 கோடை கடும் வெயில், அந்த வருடத்து ரோன் ஒயின்களில் பழமும் சூடும் கூடுதல். மழை அதிகம் பெய்த 2024 மெலிந்தது, புளிப்பு முன்னால் நிற்கும்.

போர்தோ பகுதி ஒயின்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 6 யூரோவுக்குக் கிடைக்கும் போர்தோவில் பழம் சரியாக முற்றாத குடைமிளகாய் வாசமும் முரட்டுத் துவர்ப்பும் வரும் பாட்டில்களே அதிகம் என் கைக்கு வந்திருக்கின்றன. விதிவிலக்கு உண்டு, தேடிக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும்.

விலை விஷயம் கொஞ்சம் பேசலாம், கேள்வியில் அதுவும் இருக்கிறது. பிரான்சில் ஒயினுக்குக் கலால் வரி ஒரு பாட்டிலுக்கு 3 சென்ட் அளவுதான். ஆனால் விற்பனை வரி 20 சதவீதம்; 6 யூரோ பாட்டிலில் ஒரு யூரோ அதற்கே போய்விடும். கண்ணாடி, கார்க், லேபிள், அட்டைப்பெட்டி, லாரி வாடகை எல்லாம் 3 யூரோ பாட்டிலுக்கும் 7 யூரோ பாட்டிலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே 3 யூரோவில் ஒயினுக்கென்று மிஞ்சுவது சொற்பம். இரண்டு மூன்று யூரோ கூட்டிக் கொடுத்தால் கூட்டியதில் பெரும்பகுதி உள்ளே இருக்கும் ஒயினுக்குப் போகும். 8 யூரோ என்று நாங்கள் வரம்பு வைத்தது இந்தக் கணக்கில்தான். அதற்கு மேலே போகப் போக, பெயருக்கும் ஊருக்கும் பீப்பாய்க்கும் கொடுக்கிறோம்.

மறைத்து வைத்துக் குடிப்பதன் அருமையும் இங்கேதான். 2008ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், விலை தெரியாமல் 6,000க்கும் மேற்பட்ட முறை ஒயின்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது, பயிற்சி இல்லாதவர்களுக்கு விலை கூடிய ஒயின் கொஞ்சம் குறைவாகவே பிடித்திருந்தது. போர்தோவில் 2001ல் வெளியான இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியம்: வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்பு நிறத்தைக் கலந்து ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் அதற்கு சிவப்பு ஒயினுக்கான சொற்களையே எழுதிக் கொடுத்தார்கள். கண் பார்த்ததை மூக்கு ஒப்புக்கொள்கிறது. இதை வைத்து ருசி பார்ப்பதே பித்தலாட்டம் என்று சிலர் பேசுவார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கண்ணும் விலையும் அவ்வளவு பலமாக இழுக்கின்றன என்றால், அவற்றை மறைத்துவிட்டுச் சுவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

லேபிளில் எதை நம்புவது? தங்கப் பதக்க ஒட்டியை நம்பி வாங்காதீர்கள். போட்டிக்கு வந்த ஒயின்களில் மூன்றில் ஒரு பங்கு வரை பதக்கம் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. 'வியேய் வீன்', அதாவது பழங்கொடி என்ற சொல்லுக்குச் சட்டத்தில் வரையறையே இல்லை. விளைவித்தவரே தன் இடத்தில் பாட்டிலில் அடைத்தார் என்று சின்ன எழுத்தில் இருக்கும் வரி எனக்கு அதைவிட உதவியாக இருக்கிறது.

குடிக்கும் விதத்தில் இரண்டே திருத்தம். வாய் குறுகிய, வயிறு அகன்ற கிளாஸ் வேண்டும். ருசி பார்க்கும் கிளாஸ் என்று 21 சென்டிலிட்டரில் சின்னதாக விற்பார்கள், ஆறு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கால் கிளாஸுக்கு மேல் ஊற்றாதீர்கள், சுற்ற இடம் வேண்டும். அடுத்தது வெப்பம். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது ஹீட்டர் இல்லாத காலத்துப் பேச்சு. ஜூலையில் லியோன் வீட்டுக்குள் 28 டிகிரி. அதில் எந்தச் சிவப்பும் சாராயம் மாதிரி நெடிக்கும். அதனால் குடிப்பதற்கு முன் ஃபிரிட்ஜில் வைத்துக் கொஞ்சம் குளிரவிடுங்கள். வெள்ளையை அதற்கு எதிராக, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். பல் கூசும் குளிரில் வாசம் எழும்பாது.

சில பாட்டில்கள் கெட்டுப்போயிருக்கும், அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு முறை ஒரு கடையில் வாங்கிய கோட் து ரோனைத் திறந்ததும் மழைக்காலத்தில் நனைந்து மக்கிய பழைய செய்தித்தாள் கட்டின் வாசம். பழ வாசம் சுத்தமாக இல்லை. கார்க்கில் உண்டாகும் டிசிஏ என்ற பொருளின் வேலை. ஒரு லிட்டரில் சில நானோகிராம் போதும், ஒயின் மூச்சடைத்துப்போகும். மறுநாள் பாட்டிலைக் கொண்டுபோனேன். "ஒயின் அப்படித்தான் இருக்கும், உங்களுக்குப் பழக்கமில்லை" என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு என்ன பெயர் சொல்வது என்று தெரியாததால் பேசாமல் வந்துவிட்டேன். நீங்கள் அப்படி வராதீர்கள். 'பூஷொனே' என்று ஒரே சொல், கார்க் கெட்டது என்று பொருள், சொல்லிவிட்டு நில்லுங்கள். நல்ல கடை மாற்றிக் கொடுக்கும். தீக்குச்சி உரசிய வாசமோ அழுகிய முட்டை வாசமோ வந்தால் பயப்பட வேண்டாம், கிளாஸில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். நன்றாகத் தேய்த்துக் கழுவிய செப்புக் கம்பியைக் கொஞ்ச நேரம் கிளாஸுக்குள் விட்டு எடுத்தாலும் போகும், கந்தகத்தைச் செம்பு பிடித்துக்கொள்ளும். உங்கள் நண்பர் சொன்ன தோல் வாசமும் மாட்டுக்கொட்டில் வாசமும் பெரும்பாலும் 'பிரெட்' (பிரெட்டனோமைசிஸ் என்பதன் சுருக்கம், ரொட்டி இல்லை) என்ற ஈஸ்டிலிருந்து வருபவை. கொஞ்சம் இருந்தால் சிலருக்குப் பிடிக்கும். எனக்கு ஒரு துளிகூட ஆகாது.

நம் சாப்பாட்டோடு குடிப்பதானால் ஒன்றை நினைவில் வையுங்கள். மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் கிளறிவிடும், துவர்ப்பு அதை இன்னும் முரடாக்கும். காரக்குழம்போடு 14.5 சதவீத ரோன் குடித்தால் வாய் எரிகிறது என்பது தவிர வேறொன்றும் தெரியாது. காரத்துக்கு ஆல்கஹால் குறைந்த வெள்ளையோ, லேசான இனிப்புள்ள லுவார் வெள்ளையோ சரி. மட்டன் மிளகு வறுவலுக்கு மட்டும், மிளகாயைக் குறைத்து மிளகை ஏற்றிச் செய்தால், சிரா அப்படிப் பொருந்தும்.

அளவு பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 12 சதவீத ஒயின் 10 சென்டிலிட்டரில் ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால். இந்த நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை சொல்லும் உச்சவரம்பு வாரத்துக்கு 10 கிளாஸ், ஒரு நாளைக்கு 2, இடையில் குடிக்காத நாட்களும் வேண்டும். ஆறு பாட்டில் ருசி பார்க்கும் ராத்திரியில் நாங்கள் மேசைக்கு நடுவில் ஒரு மண் ஜாடி வைத்து அதில் துப்புவோம். வாயில் சுழற்றி, கொஞ்சம் காற்றை உறிஞ்சி, துப்பினாலும் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறிவிடும், ஒன்றும் குறையாது. வண்டி ஓட்டிக்கொண்டு வருபவர் ஒரு சொட்டுகூட விழுங்குவதில்லை.

வரும் வெள்ளிக்கிழமைக்கு இப்படிச் செய்து பாருங்கள். ஒரு பொஜொலே வில்லாஜ், ஒரு கோட் து ரோன், இரண்டும் சேர்த்து 14 யூரோவுக்குள். இரண்டு கிளாஸில் அருகருகே ஊற்றுங்கள். தனியாகக் குடித்தால் "நன்றாக இருக்கிறது" என்பதற்கு மேல் சொல் வராது. இரண்டை மாறி மாறிக் குடித்தால் எதில் எச்சில் அதிகம் ஊறுகிறது, எதில் வாய் பிடிக்கிறது, எது தொண்டையில் சுடுகிறது என்று தானாகப் பேச்சு வரும். சட்டைப்பையில் ஒரு காகிதத்தில் நாலு மிளகு மடித்துக் கொண்டுபோங்கள். ரோன் கிளாஸை முகர்வதற்கு முன் அதை ஒரு பேனா அடியால் உடைத்து, மேசையில் இருக்கிற எல்லோருக்கும் முகரக் கொடுங்கள். யாருக்குத் தெரிந்தது, யாருக்குத் தெரியவில்லை என்று மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.